தாத்தாவின் வாட்ச் யாரோடு பேசிக்கொண்டிருந்தது?

போன ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். ஏழாம் வகுப்பு படிக்கிற அக்கா மகன் கூடத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தான். வலது கையில் தாத்தாவின் போன், இடது கையில் தாத்தாவுக்கென்று வாங்கிய புது ஸ்மார்ட்வாட்ச். முகம் வாடிக் கிடந்தது.

"சித்தி, ஒரு மணி நேரமா தேடுறேன். போன்ல இந்த வாட்ச் பேரே வரல. இது ரிப்பேர்னு நினைக்கேன்."

வாங்கிப் பார்த்தேன். மணி சரியாகக் காட்டியது. கையை உயர்த்தினால் வெளிச்சம் வந்தது. சார்ஜ் 82 சதவீதம். போனில் புளூடூத்தும் போட்டிருந்தான். திரையில் ஒரு சின்ன வட்டம் சுற்றிச் சுற்றித் தேடிக்கொண்டிருந்தது. பக்கத்து வீட்டு டிவியின் பெயர் வந்தது. யாருடைய இயர்போனோ வந்தது. ஒரு சாண் தள்ளி இருந்த வாட்ச் மட்டும் வரவில்லை.

"விடுடே, கடையிலயே திருப்பிக் குடுத்துருவோம்" என்றார் ஈசிசேரில் இருந்த தாத்தா.

அந்த நேரத்தில் அக்கா, தெருமுனைக் கடையில் கறிவேப்பிலை வாங்கி வருகிறேன் என்று கிளம்பினாள். அவள் போய் இரண்டு நிமிடம் இருக்கும். "வந்துருச்சு! வந்துருச்சு!" என்று இவன் கத்தினான். பட்டியலில் வாட்ச் பெயர் பளிச்சென்று இருந்தது. அதைத் தாத்தாவிடம் காட்ட ஓடினான். வெளியே கேட் திறக்கும் சத்தம் கேட்டது. அக்கா உள்ளே வந்தாள். பட்டியலைப் பார்த்தால் பெயர் காணோம்.

இதற்குப் பிறகு அவன் செய்ததுதான் எனக்குப் பிடித்தது. அழவில்லை, போனைத் தூக்கி எறியவில்லை. கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தைத் திறந்து இப்படி எழுதினான்: "அம்மா போனா வருது. அம்மா வந்தா போகுது." எழுதிவிட்டு, "அம்மா, இன்னொரு தடவை தெருமுனை வரைக்கும் போயிட்டு வாங்களேன்" என்று கெஞ்சினான். அக்கா போனாள். பெயர் வந்தது. அக்கா திரும்பினாள். பெயர் போனது. அவன் கொஞ்ச நேரம் யோசித்தான்.

"அம்மா, கையில என்ன கொண்டு போனீங்க?"

"பையும் போனும்தான்."

"நேத்து வாட்ச் வந்தப்ப முதல்ல யார் போன்ல போட்டுப் பாத்தோம்?"

அக்காவின் போனில்தான்! வேலை செய்கிறதா என்று பார்க்க நேற்று அவள் போனில் இணைத்திருக்கிறார்கள். பிறகு அதை மறந்தே போய்விட்டார்கள். வாட்ச் மறக்கவில்லை. சமையலறை மேடையில் இருந்த அக்கா போனோடு அது நேற்றிலிருந்து பேசிக்கொண்டே இருந்திருக்கிறது.

ஒருவரோடு பேசிக்கொண்டிருந்தால் இன்னொருவர் கண்ணில் ஏன் படக்கூடாது? கீரை விற்கும் அம்மாவை நினைத்துப் பாருங்கள். தெருவில் நடக்கும்போது, "கீரை, கீரை" என்று கூவிக்கொண்டே வருவார். யாராவது வாசலுக்குக் கூப்பிட்டதும் கூடையை இறக்கிவிட்டு அந்த வீட்டுக்காரரோடு மெதுவாகப் பேச ஆரம்பித்துவிடுவார். கூவல் நின்றுவிடும். அடுத்த தெருவில் இருப்பவர், "இன்றைக்குக் கீரைக்காரம்மா வரவில்லை போல" என்றுதான் நினைப்பார்.

வாட்சும் இப்படித்தான். யாரோடும் சேராமல் இருக்கும்போது, "நான் இங்கே இருக்கிறேன், என் பெயர் இது" என்று வானொலி அலையில் கூவிக்கொண்டே இருக்கும். பொறியாளர்களும் இந்தக் கூவலை விளம்பரம் என்றுதான் சொல்கிறார்கள். 20 மில்லிநொடிக்கு ஒரு முறைகூட அது கூவலாம். பத்து நொடிக்கு ஒரு முறை என்று மெதுவாகவும் கூவலாம். ஒரு போன் அதைப் பிடித்து இணைந்ததும் பெரும்பாலான வாட்சுகள் கூவலை நிறுத்திவிடும். தாத்தாவின் போன் தேடிக்கொண்டிருந்ததோ கூவலை. கூவல் இல்லாதபோது பெயர் எங்கிருந்து வரும்?

தீர்வு சுலபம். அக்கா போனில் வாட்ச் செயலியைத் திறந்து, அங்கிருந்து வாட்சை நீக்கினோம். புளூடூத் பட்டியலில் இருந்த பெயரையும் நீக்கினோம். அடுத்த நொடியே தாத்தாவின் போனில் பெயர் வந்து நின்றது. உங்கள் வீட்டில் வாட்ச் கிடைக்கவில்லை என்றால் முதலில் இதைக் கேளுங்கள்: இது இதற்கு முன் யார் போனில் இருந்தது? அந்தப் போன் இப்போது எங்கே?

கூவல் என்று சொன்னேனே, அது நம் காதுக்குக் கேட்காது. ஒலி இல்லை, வானொலி அலை. ஒரு நொடிக்குச் சுமார் 240 கோடி தடவை துடிக்கும் அலை. இதன் ஒரு அலையின் நீளம் ஏறக்குறைய 12.5 சென்டிமீட்டர், அதாவது அரைச் சாணுக்குக் கொஞ்சம் கூட. அனுப்பும் சக்தியோ மிகவும் குறைவு. பல வாட்சுகளில் ஒரு மில்லிவாட் அளவுதான். உங்கள் வீட்டு எல்இடி பல்பு 9 வாட் என்றால் அது 9,000 மில்லிவாட். பல்பு எடுக்கும் சக்தியில் ஒன்பதாயிரத்தில் ஒரு பங்கை வைத்துக்கொண்டு வாட்ச் அடுத்த அறை வரைக்கும் செய்தி அனுப்பிவிடுகிறது. ஒரு சின்ன பேட்டரி நாள்கணக்கில் தாங்குவதற்கு இதுவும் ஒரு காரணம்.

வாட்ச் பயன்படுத்துவது சிக்கன வகை புளூடூத். இது 2010இல் வந்த நான்காம் பதிப்பில் சேர்ந்தது. அதற்கு ஒதுக்கப்பட்ட அலைவரிசை இடத்தை 40 பாதைகளாகப் பிரித்திருக்கிறார்கள். 37 பாதைகள் பேச. 3 பாதைகள் கூவ. அந்த மூன்றையும் எங்கே வைத்திருக்கிறார்கள் தெரியுமா? நம் வீட்டு வைஃபையும் இதே இடத்தில்தான் ஓடுகிறது. வைஃபை வழக்கமாகப் பிடித்துக்கொள்ளும் மூன்று பெரிய இடங்களுக்கு நடுவில் இருக்கும் சந்துகளிலும் ஓரங்களிலும் பார்த்துப் பார்த்துக் கூவும் பாதைகளைப் போட்டிருக்கிறார்கள். லாரி போகும் சாலையில் நின்று கூவினால் யாருக்குக் கேட்கும்?

புளூடூத் என்றால் நீலப் பல். பெயரைக் கேட்டதும் அக்கா மகன் சிரித்துவிட்டான். 10ஆம் நூற்றாண்டில் டென்மார்க்கை ஆண்ட ஹரால்ட் என்ற அரசருக்கு அப்படி ஒரு பட்டப்பெயர். பிரிந்து கிடந்த மக்களை ஒன்றாக்கியவர் என்று அவரைச் சொல்வார்கள். எரிக்சன், நோக்கியா, இன்டெல், ஐபிஎம், தோஷிபா என்ற ஐந்து நிறுவனங்கள் 1998இல் ஒன்றுசேர்ந்து, வயர் இல்லாமல் கருவிகளைச் சேர்க்கும் ஒரே முறையை உருவாக்க முனைந்தன. இன்டெல்லில் இருந்த ஜிம் கார்டாக் அதற்குத் தற்காலிகமாக வைத்த பெயர் இது. அதுவே நிலைத்துவிட்டது. போனில் இருக்கும் அந்தக் கோணல்மாணல் சின்னத்தை உற்றுப் பாருங்கள். பழைய ரூனிக் எழுத்தில் ஹரால்டின் முதல் எழுத்தும் புளூடூத்தின் முதல் எழுத்தும் ஒன்றன்மேல் ஒன்றாக எழுதப்பட்டிருக்கின்றன.

சரி, பெயர் வந்துவிட்டது. தாத்தாவின் போனில் அதைத் தொட்டான். இரண்டு திரையிலும் ஒரே நேரத்தில் ஓர் ஆறு இலக்க எண் வந்தது. "ரெண்டும் ஒண்ணுதானா?" என்று கேட்டது போன்.

"இது எதுக்கு சித்தி? ரெண்டும் பக்கத்துலதானே இருக்கு" என்றான்.

இந்தக் கேள்விக்குள் எனக்கு மிகவும் பிடித்த கணக்கு ஒன்று ஒளிந்திருக்கிறது. அவனுக்குச் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன். பென்சில் எடுத்துக்கொள்ளுங்கள்.

போனும் வாட்சும் ரகசியமாகப் பேச ஒரு சாவி வேண்டும். சாவி என்றால் இரண்டுக்கு மட்டும் தெரிந்த ஓர் எண். ஆனால் அவை இதுவரை சந்தித்ததே இல்லை. சாவியை அலையில் அனுப்பினால் பக்கத்தில் இருக்கும் எந்தக் கருவியும் கேட்டுவிடும். எல்லோர் முன்னிலையிலும் உரக்கப் பேசியே இரண்டு பேர் ஒரு ரகசியத்தை உண்டாக்க முடியுமா? முடியும் என்று 1976இல் விட்ஃபீல்ட் டிஃபி, மார்ட்டின் ஹெல்மன் என்ற இருவர் காட்டினார்கள்.

11 மணி மட்டும் உள்ள ஒரு கடிகாரத்தை வரைந்துகொள்ளுங்கள். 11ஐத் தாண்டினால் மறுபடி 1 வரும். இந்தக் கடிகாரத்தில் 16 என்றால் 5. ஒரு சுற்று 11 போக மிச்சம் 5. போனும் வாட்சும் இரண்டு விஷயங்களை உரக்கச் சொல்லிக்கொள்கின்றன: நம் கடிகாரம் 11, நம் எண் 2.

போன் தன் மனதுக்குள் 3 என்று நினைத்துக்கொள்கிறது. யாரிடமும் சொல்லாது. 2ஐ மூன்று தடவை பெருக்குகிறது: 2 × 2 × 2 = 8. "என் எண் 8" என்று மட்டும் கூவுகிறது.

வாட்ச் மனதுக்குள் 4 என்று நினைக்கிறது. 2ஐ நான்கு தடவை பெருக்கினால் 16. கடிகாரத்தில் அது 5. "என் எண் 5" என்று கூவுகிறது.

இப்போது போன், தான் கேட்ட 5ஐ மூன்று தடவை பெருக்குகிறது: 5 × 5 × 5 = 125. பதினொரு பதினொன்று 121 போனால் மிச்சம் 4.

வாட்ச், தான் கேட்ட 8ஐ நான்கு தடவை பெருக்குகிறது: 8 × 8 × 8 × 8 = 4096. அதை 11ஆல் வகுத்தால் மிச்சம்... நீங்களே போட்டுப் பாருங்கள். 4!

இரண்டுக்கும் 4 வந்துவிட்டது. அந்த 4ஐ யாருமே வாய்விட்டுச் சொல்லவில்லை. நடுவில் ஒட்டுக்கேட்டவனுக்குத் தெரிந்ததெல்லாம் 11, 2, 8, 5 மட்டும். அக்கா மகன் இதை மூன்று தடவை வேறு வேறு ரகசிய எண் வைத்துப் போட்டுப் பார்த்தான். ஒவ்வொரு தடவையும் இரண்டு பக்கமும் ஒரே விடை வந்ததும் அவன் கண் விரிந்ததை நான் மறக்க மாட்டேன்.

இவ்வளவு சின்னக் கடிகாரம் என்றால் ஒட்டுக்கேட்பவன் ஒவ்வொரு எண்ணாகப் போட்டுப் பார்த்துக் கண்டுபிடித்துவிடுவான். அதனால் இப்போதைய புளூடூத் 78 இலக்கம் வரை போகும் பிரம்மாண்ட எண்களை வைத்துக்கொள்கிறது. வெறும் பெருக்கலும் இல்லை, வளைகோடு ஒன்றின் மேல் புள்ளிகளை நகர்த்தும் கணக்கு அது. ஆனாலும் அதன் உயிர் நீங்கள் இப்போது போட்ட கணக்குதான்.

ஆறு இலக்க எண்ணுக்கு வருவோம். போனுக்கும் வாட்சுக்கும் நடுவில் மூன்றாவது கருவி ஒன்று புகுந்து, போனிடம் "நான்தான் வாட்ச்" என்றும் வாட்சிடம் "நான்தான் போன்" என்றும் சொன்னால்? இரண்டு பக்கமும் தனித்தனிச் சாவி உண்டாகிவிடும். ஆறு இலக்க எண் அந்தச் சாவிக் கணக்கிலிருந்து பிறப்பது. நடுவில் ஆள் இருந்தால் இரண்டு திரையிலும் வேறு வேறு எண் காட்டும். தற்செயலாக ஒத்துப்போக வாய்ப்பு 10 லட்சத்தில் ஒன்றுதான். அதனால் அந்த எண்ணைப் படித்துப் பார்க்காமல் "ஆம்" என்று அழுத்தாதீர்கள். நீங்கள் எதையும் இணைக்காத நேரத்தில் யாரோ இணையக் கேட்டு எண் வந்தால், "வேண்டாம்" என்று அழுத்திவிட்டு வீட்டில் சொல்லுங்கள். சில வாட்சுகள் எண் காட்டாமல் ஒரு சரி அடையாளம் மட்டும் காட்டும். அவற்றில் இந்தச் சரிபார்ப்பு இல்லை.

"ஆம்" அழுத்தினோம். இரண்டும் ஒன்றையொன்று குறித்து வைத்துக்கொண்டன. இங்கேதான் அன்றைய இரண்டாவது சிக்கல் வந்தது.

தாத்தா வாட்சைக் கட்டிப் பார்த்தார். திரையை அங்கே இங்கே தள்ளிப் பார்த்ததில் எங்கேயோ போய், "ரீசெட்" என்பதை அழுத்திவிட்டார். வாட்ச் அணைந்து, பிறந்த குழந்தை மாதிரி மறுபடி விழித்தது. இணைத்துப் பார்த்தால் போன் ஒரு நொடி "இணைகிறது" என்று சொல்லும். உடனே "இணைக்க முடியவில்லை" என்று சொல்லும். எத்தனை தடவை தட்டினாலும் அதே கதை. இத்தனைக்கும் இந்தத் தடவை பட்டியலில் பெயர் இருந்தது!

முதல் சிக்கலுக்கும் இதற்கும் உள்ள வித்தியாசத்தைக் கவனியுங்கள். அப்போது வாட்ச் கண்ணில் படவே இல்லை. இப்போது படுகிறது, ஆனால் ஒட்டவில்லை. போனும் வாட்சும் ஆளுக்கொரு டைரியில் ஒரே சாவியை எழுதி வைத்திருந்தன. வாட்ச் தன் டைரியைக் கிழித்துப் போட்டுவிட்டது. போன் பழைய சாவியை நீட்டி, "நான்தான், திற" என்கிறது. வாட்சுக்கு அந்தச் சாவி எது என்றே தெரியவில்லை. திறக்காது. திறக்காமல் இருப்பதுதான் நியாயமும்.

அப்படியென்றால் போனும் தன் டைரியில் அந்தப் பக்கத்தைக் கிழிக்க வேண்டும். புளூடூத் பட்டியலில் வாட்ச் பெயருக்குப் பக்கத்தில் உள்ள சக்கரத்தைத் தொட்டால், "மறந்துவிடு" அல்லது "நீக்கு" என்று ஒன்று இருக்கும். அதை அழுத்தி, செயலியிலிருந்தும் நீக்கிவிட்டுப் புதிதாக ஆரம்பித்தோம். ஒரு நிமிடத்தில் ஒட்டிக்கொண்டது. பெரியவர்கள் பலரும் தடுமாறும் இடம் இதுதான். ஒரு பக்கம் மட்டும் அழித்துவிட்டு நூறு தடவை முயற்சி செய்வார்கள். மறப்பதென்றால் இரண்டு பேரும் மறக்க வேண்டும்.

வாட்சில் போன் பேசும் வசதி இருந்தால் இன்னொரு குழப்பமும் வரும். அடி எண்ணிக்கை, நேரம், செய்தி எல்லாம் சிக்கன வகை புளூடூத்தில் போகும். குரல் பெரும்பாலும் பழைய வகை புளூடூத்தில் போகும். அதனால் ஒரே வாட்ச் பட்டியலில் இரண்டு பெயராகத் தெரியலாம். முதலில் செயலி வழியாக ஒன்றை இணைத்துவிட்டு, குரலுக்கான பெயரைப் போனின் புளூடூத் பட்டியலில் தனியாக இணைக்க வேண்டியிருக்கும். "செய்தி வருது, ஆனா பேசினா குரல் வரல" என்று யாராவது சொன்னால், இரண்டாவது பெயரை இணைக்கவில்லையோ என்று பாருங்கள்.

மத்தியானம் சாப்பாடு முடிந்தது. தாத்தா ஈசிசேரில் சாய்ந்தார். வாட்ச் திடீரென்று ஒரு தடவை அதிர்ந்து, உடைந்த சங்கிலி மாதிரி ஒரு படத்தைக் காட்டியது. தொடர்பு அறுந்துவிட்டது! போன் எங்கே என்று கேட்டேன்.

"பீரோக்குள்ள வச்சுப் பூட்டிட்டேன். தூங்குற நேரத்துல எதுக்கு வெளிய கிடக்கணும்?"

இரும்பு பீரோ! 1836இல் லண்டனில் மைக்கேல் ஃபாரடே ஓர் அறையைச் சுற்றி உலோகத் தகடு ஒட்டி, வெளிப்பக்கம் மின்பொறி பறக்கும்படி செய்துவிட்டு, தான் உள்ளே போய் உட்கார்ந்துகொண்டார். உள்ளே அவருடைய கருவி துளி மின்சாரத்தைக்கூடக் காட்டவில்லை. உலோகத்துக்குள் தாராளமாக நகரும் எலக்ட்ரான்கள் இருக்கின்றன. வெளியிலிருந்து வரும் மின்புலத்துக்கு ஏற்ப அவை ஓடி, அதை உள்ளே விடாமல் சமன் செய்துவிடுகின்றன. வானொலி அலைக்கும் உலோகச் சுவர் பெரிய தடைதான்.

நம்ப வேண்டாம், செய்து பாருங்கள். பெரியவர் ஒருவரிடம் கேட்டு, போனை எவர்சில்வர் டிபன் பாக்ஸில் வைத்து மூடுங்கள். வாட்ச் தொடர்பு அறுந்தாலும் அறும். சில சமயம் அறாமலும் இருக்கும். அறவில்லை என்றால் மூடியைச் சுற்றியுள்ள இடுக்கைப் பாருங்கள். மெல்லியதாக இருந்தாலும் நீளமான இடுக்கு வழியே அலை கசியும். அலுமினியத் தாளை இடுக்கு இல்லாமல் இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டு மறுபடி முயற்சி செய்யுங்கள். சோதனை முடிந்ததும் போனை உடனே வெளியே எடுத்துவிடுங்கள். சிக்னல் கிடைக்காத போன் டவரைத் தேடித் தேடிப் பேட்டரியைக் காலி செய்துவிடும்.

தண்ணீரும் இந்த அலையை விழுங்கும். சில சென்டிமீட்டர் தண்ணீருக்குள்ளேயே அலை ஓய்ந்துவிடும். நம் உடம்பில் பாதிக்கு மேல் தண்ணீர்தானே! வாட்ச் இடது கையில், போன் வலது பக்கப் பையில் என்றால் நடுவில் நாமே ஒரு தண்ணீர்ப் பானை மாதிரி நிற்கிறோம். வீட்டுக்குள் என்றால் சுவரில் பட்டுத் திரும்பும் அலை உதவிக்கு வரும். திறந்த மைதானத்தில் அந்த உதவி கிடையாது. மைதானத்தில் விட்டு விட்டுப் போகும் இணைப்பு, போனை இடது பக்கத்துக்கு மாற்றினால் பல நேரம் சரியாகிவிடும்.

"தொடர்பு அறுந்துருச்சுன்னு வாட்சுக்கு எப்படித் தெரியும்? ரெண்டுக்கும் நடுவுல கயிறா கட்டியிருக்கு?" என்று கேட்டார் தாத்தா. எனக்கு மிகவும் பிடித்துவிட்டது அந்தக் கேள்வி.

தாத்தாவுக்கு ஒரு சிநேகிதர் உண்டு. தினமும் சாயங்காலம் நாலரை மணிக்கு இருவரும் டீக்கடையில் சந்திப்பார்கள். மற்ற நேரம் அவரவர் வீட்டில். நாள் முழுக்க ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டா இருக்கிறார்கள்? நேரத்துக்கு இருவரும் வந்தால் சரி. போனும் வாட்சும் இதே மாதிரிதான். இணைந்திருக்கும் நேரத்தில் பெரும்பகுதி இரண்டின் வானொலியும் தூங்கிக்கொண்டுதான் இருக்கும். எவ்வளவு நேரத்துக்கு ஒரு தடவை சந்திப்பது என்று முதலிலேயே பேசி வைத்திருக்கும். வழக்கமாக அது 7.5 மில்லிநொடி முதல் 4 நொடி வரை எதுவாகவும் இருக்கலாம். அந்த நொடி வந்ததும் இரண்டும் விழித்து, "இருக்கியா?" "இருக்கேன்" என்று சொல்லி, செய்தி இருந்தால் கொடுத்து வாங்கிவிட்டு மறுபடி தூங்கிவிடும்.

சரியான நொடியில் விழிக்க வேண்டுமே! அதற்கு இத்தகைய கருவிகளுக்குள் நொடிக்கு 32,768 தடவை துடிக்கும் சின்னப் படிகம் ஒன்று இருக்கும். சாதாரண குவார்ட்ஸ் கடிகாரத்தில் இருப்பதும் அதுவே. இரண்டால் பாதி பாதியாகப் பதினைந்து தடவை வகுத்தால் சரியாக 1 வருகிற எண் அது; வகுத்துப் பாருங்கள். ஆனாலும் இரண்டு படிகங்கள் அச்சு அசலாக ஒன்றுபோலத் துடிக்காது. அதனால் வாட்ச் சந்திப்பு நேரத்துக்குத் துளி முன்னாலேயே விழித்துக் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருக்கும்.

சிநேகிதர் ஒரு நாள் வரவில்லை என்றால் தாத்தா கவலைப்பட மாட்டார். தொடர்ந்து வரவில்லை என்றால், "ஊருக்குப் போயிட்டான் போல" என்பார். வாட்சும் சில சந்திப்புகள் தவறினால் பொறுத்துக்கொள்ளும். எவ்வளவு நேரம் பொறுப்பது என்பதும் முன்பே பேசியதுதான். அதிகபட்சம் 32 நொடி. அதற்குள் பதில் இல்லையென்றால் தொடர்பு போனதாக எடுத்துக்கொள்ளும். பீரோவுக்குள் போன போன் டீக்கடைக்கு வரவில்லை, அவ்வளவுதான். பீரோவைத் திறந்ததும் கொஞ்ச நேரத்தில் சங்கிலிப் படம் தானாகவே மறைந்துவிட்டது. நடுவில் தாத்தா நடந்த அடிகளும் தொலையவில்லை. அடிகளை எண்ணுவது வாட்சுக்குள் இருக்கும் அசைவு உணரி. எண்ணி வைத்திருந்து, போன் கிடைத்ததும் ஒப்படைத்துவிடும்.

சந்திக்கும் இடமும் ஒவ்வொரு தடவை மாறும். இந்தத் தடவை 5ஆம் பாதை என்றால் அடுத்த தடவை 19ஆம் பாதை. எங்கே என்பது இரண்டும் முன்பே பேசி வைத்த கணக்கு. ஒரு பாதையில் வைஃபை இரைச்சல் அதிகம் என்றால் அதைத் தவிர்த்துவிட்டு மற்றவற்றில் தாவும். இப்படித் தாவித் தாவிப் பேசும் எண்ணத்துக்கு 1942இலேயே அமெரிக்காவில் ஒரு காப்புரிமை வழங்கப்பட்டது. வாங்கியவர்கள் ஹெடி லமார் என்ற திரைப்பட நடிகையும் ஜார்ஜ் ஆன்தீல் என்ற இசையமைப்பாளரும். கப்பலைத் தாக்கும் டார்ப்பிடோவுக்குப் போகும் கட்டளையை எதிரி குலைக்காமல் இருக்க, பியானோவின் 88 கட்டைகளைப் போல 88 அலைவரிசைகளில் தாவலாம் என்று எழுதியிருந்தார்கள். ஒரு நடிகையும் ஓர் இசைக்காரரும் சேர்ந்து யோசித்தது என்பதைக் கேட்டதும் அக்கா மகன் நோட்டில் இரண்டு பெயரையும் பெரிதாக எழுதி வைத்துக்கொண்டான்.

சாயங்காலம் இன்னொரு புகார். அடி எண்ணிக்கை சரியாகப் போகிறது, ஆனால் போனில் வரும் செய்தி வாட்சில் வரவில்லை. இதில் அலையின் குற்றம் எதுவும் இல்லை. வாட்சின் செயலி போனுக்குள் ஓடிக்கொண்டிருந்தால்தான் செய்தியை எடுத்து அனுப்ப முடியும். பேட்டரியை மிச்சப்படுத்துவதற்காகப் போன் அதைத் தூங்க வைத்துவிட்டது. போன் அமைப்பில் அந்தச் செயலிக்கு மட்டும் பேட்டரிக் கட்டுப்பாட்டை எடுத்துவிட்டு, செய்திகளைப் படிக்கும் அனுமதியும் கொடுத்தோம். சரியானது. பழைய ஆண்ட்ராய்டு போன் என்றால், வாட்சைத் தேடும்போது இருப்பிட அனுமதி கேட்கும். சுற்றி எந்தெந்தக் கருவிகள் கூவுகின்றன என்று தெரிந்தால் நீங்கள் எந்தக் கடையில் நிற்கிறீர்கள் என்றுகூடச் சொல்லிவிடலாம். அதனால்தான் அந்த அனுமதி. 2021இல் வந்த 12ஆம் பதிப்பிலிருந்து "அருகிலுள்ள சாதனங்கள்" என்று தனி அனுமதி வைத்துவிட்டார்கள்.

நம்மைப் பின்தொடராமல் இருக்க இன்னொரு அழகான ஏற்பாடும் உண்டு. புளூடூத் கருவி ஒவ்வொன்றுக்கும் ஒரு முகவரி எண் இருக்கும். ஒரே எண்ணைக் கூவிக்கொண்டே போனால் யார் வேண்டுமானாலும் அந்த எண்ணை வைத்து நாம் போன இடமெல்லாம் குறித்துவிடலாம். அதனால் பல கருவிகள் ஏறக்குறைய 15 நிமிடத்துக்கு ஒரு முறை முகவரியை மாற்றிக்கொள்கின்றன, முகமூடி மாற்றுவது போல. எந்த முகமூடி போட்டாலும், இணையும்போது குறித்துக்கொண்ட சாவி உள்ள போனுக்கு மட்டும், "இது நம்ம ஆள்தான்" என்று தெரிந்துவிடும்.

பொழுது சாயும் நேரத்தில் அக்கா மகன் ஒரு வேலை செய்தான். தாத்தாவின் போனைத் திண்ணையில் வைத்தான். வாட்சைத் தன் கையில் கட்டிக்கொண்டு கிழக்குப் பக்கம் அடியை எண்ணிக்கொண்டே நடந்தான். 34ஆவது அடியில் வாட்ச் அதிர்ந்தது. திரும்பி வந்து மேற்குப் பக்கம் நடந்தான். 19ஆவது அடியிலேயே அதிர்ந்துவிட்டது. அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று நின்று பார்த்தான். தெருக் குழாய்க்குப் பக்கத்தில் தண்ணீர் நிரம்பிய பெரிய தொட்டி, அதற்கு அடுத்து இரும்பு ஷட்டர் இறக்கிய கடை. நோட்டில் தெருவை வரைந்து, இரண்டு எண்ணையும் குறித்து, தொட்டிக்கு நீலக் கட்டம் போட்டான்.

தாத்தா அந்தப் படத்தை வாங்கி மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு பார்த்தார்.

"ஏலே, மழை பெஞ்சா இந்த 34 குறையுமா?"

அவன் என்னைப் பார்த்தான். நான் வானத்தைப் பார்த்தேன். மேற்கே கறுத்திருந்தது.

"வாட்ச் தண்ணி பட்டா தாங்கும்னு அட்டைல போட்டிருக்கு தாத்தா. குடையை எடுத்து வைங்க" என்றான்.